அம்மாவுக்கு ஆண்ட்ராய்டு போன்: எந்தக் குறை நிஜமாகப் படுத்தும், எது வெறும் பேச்சு

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் தனியாக இருக்கும் உங்கள் அம்மாவுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் ஒரு போன் வாங்க வேண்டும். உங்கள் அண்ணனோ, "ஆண்ட்ராய்டு வேண்டாம், ரெண்டு வருஷத்துல ஹேங் ஆகும், பேசுறதை எல்லாம் ஒட்டுக் கேட்கும், பேங்க்ல இருக்கிற பணம் போயிடும், இஎம்ஐ போட்டாவது ஐபோன் வாங்கிக் குடு" என்கிறார். அதனால் ஆண்ட்ராய்டில் பொதுவாக என்னென்ன குறைகள் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் போட்டால் ஐம்பது போடலாம், உங்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தக் குறைகளில் எது உங்கள் அம்மாவை நிஜமாகப் படுத்தும், எதைச் சமாளித்துவிடலாம், எது சும்மா பேச்சு என்று நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூரில் 2011-லிருந்து மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்பேர் வாங்க மாதம் ஒருமுறை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வருவேன், மற்றபடி காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை மேஜையும் மைக்ராஸ்கோப்பும்தான். வருகிற போன்களில் பத்தில் ஒன்பது ஆண்ட்ராய்டு. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்: நல்லபடியாக ஓடுகிற போனை யாரும் என்னிடம் கொண்டு வருவதில்லை, நான் பார்ப்பது முழுக்க நோயாளிகளை. அதனால் குறைகள் என் கண்ணுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். ஐபோன் என்றால் டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றுவதோடு சரி, அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு என்று தனியாக ஒரு போன் கிடையாது, இதை முதலில் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும். 2005-ல் கூகுள் ஒரு சின்ன நிறுவனத்தை வாங்கியது, அவர்கள் லினக்ஸ் என்கிற திறந்த இயங்குதளத்தின் மையப் பகுதியின் மேல் கட்டிய இயங்குதளம் இது, இதில் ஓடிய முதல் போனை 2008-ல் எச்டிசி செய்து வெளியிட்டது. அடிப்படை நிரல் திறந்தே கிடக்கிறது, எந்த நிறுவனமும் எடுத்துத் தன் விருப்பப்படி மாற்றித் தன் போனில் போட்டுக்கொள்ளலாம். ஏழாயிரம் ரூபாய் போனும் ஒன்றரை லட்ச ரூபாய் போனும் ஒரே பெயரைச் சொல்வது இதனால்தான். நம் ஊரில் நடவுக்குப் போகிறவர் கையிலும் ஸ்மார்ட்போன் இருப்பதற்கும் இதுதான் காரணம், நான் கீழே சொல்லப்போகிற குறைகளில் முக்கால்வாசிக்கும் இதுதான் காரணம். கூகுள், சிப் செய்கிறவர், போன் செய்கிறவர், விற்கிற கடைக்காரர் என்று அம்மா கைக்கு வருவதற்குள் நாலு பேர் கை படுகிறது. ஒவ்வொருவரும் எதையாவது சேர்க்கிறார்கள், இல்லாவிட்டால் எதையாவது செய்யாமல் விடுகிறார்கள்.

இதன் சின்ன வலி ஒன்றை நீங்கள் முதல் வாரமே அனுபவிப்பீர்கள். போனில் கூப்பிட்டு, "அம்மா, செட்டிங்ஸ் போ, கீழ தள்ளு, பேட்டரின்னு இருக்கா?" என்பீர்கள். "இல்லையேப்பா" என்பார். அவர் போனில் அது வேறு பெயரில், வேறு ஏதோ ஒரு மெனுவுக்குள் இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் செட்டிங்ஸைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறது. அதனால் நீங்கள் என்ன கம்பெனி போன் வைத்திருக்கிறீர்களோ அதே கம்பெனி போனை அவருக்கும் வாங்குங்கள். கேமராவில் பத்து மெகாபிக்சல் குறைந்தாலும் பரவாயில்லை, உங்கள் போனைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

என் கணக்கில் மிகப் பெரிய குறை அப்டேட். கடைக்கு வருகிறவர்களில் யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை, அது கண்ணுக்குத் தெரியாது. 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஒரு ஓட்டை வெளியே வந்தது, ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனுக்குள் நுழையலாம் என்கிற அளவுக்கு மோசமான ஓட்டை. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து கூகுள் மாதா மாதம் செக்யூரிட்டி பேட்ச், அதாவது இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கிற அப்டேட், வெளியிட ஆரம்பித்தது. ஆனால் கூகுள் வெளியிட்டால் அது நேராக அம்மா போனுக்கு வந்துவிடாது. குவால்காமோ மீடியாடெக்கோ தங்கள் சிப்புக்கான பகுதியைச் சரி செய்ய வேண்டும், போன் கம்பெனி அதைத் தன் மாற்றங்களோடு பொருத்தி, சோதித்து, மாடல் மாடலாக அனுப்ப வேண்டும். இருபது மாடல் விற்கிற கம்பெனி, லாபம் குறைவான மாடலை முதலில் கைகழுவும். 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது சிப் சம்பந்தப்பட்ட பகுதியைத் தனியாகப் பிரித்தார்கள், ஆண்ட்ராய்டு 10-லிருந்து சில பகுதிகளைக் கூகுளே பிளே ஸ்டோர் வழியாக நேரடியாகப் புதுப்பிக்கிறது. நிலைமை முன்னைக்கு நிஜமாகவே தேவலாம், பிரச்சினை முழுக்கத் தீரவில்லை. 2023-ல் கூகுளின் பிக்சல் 8-க்கும் 2024-ல் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் அறிவித்தார்கள், அதெல்லாம் விலை உயர்ந்த போன். உங்கள் பட்ஜெட்டில் இரண்டு வருடத்திலிருந்து நான்கு வருடத்துக்குமேல் வரை சொல்கிற போன்கள் அருகருகே ஒரே விலையில் கிடக்கின்றன, வாங்குகிறவர் யாரும் அதைக் கேட்பதில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த வருடக் கணக்கு நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து ஓடுவதில்லை, அந்த மாடல் சந்தைக்கு வந்த தேதியிலிருந்து ஓடுகிறது. தீபாவளி ஆஃபரில் மூவாயிரம் தள்ளுபடி என்று கொடுக்கிற போன் ஒன்றரை வருடத்துக்கு முன் வெளிவந்ததாக இருந்தால், அதற்கு மூன்று வருட பேட்ச் என்றால், உங்கள் கைக்கு வருவது ஒன்றரை வருடம்தான். அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த மாடல் எப்போது வந்தது. இரண்டாவது, செக்யூரிட்டி பேட்ச் எத்தனை வருடம். கடைக்காரருக்குத் தெரியாது, நீங்களே கம்பெனியின் வலைதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். இப்போது கையில் இருக்கிற போனைப் பார்க்க வேண்டுமென்றால் அபவுட் போன் பகுதியில் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால் செக்யூரிட்டி பேட்ச் தேதி வரும்.

அதே சமயம் பயமுறுத்தவும் கூடாது. அப்டேட் நின்றால் போன் நின்றுவிடாது. வாட்ஸ்அப் 2023 அக்டோபர் வரை 2014-க்கு முந்தைய ஆண்ட்ராய்டிலும் ஓடிக்கொண்டிருந்தது, அதன் பிறகும் ஆண்ட்ராய்டு 5 இருந்தால் போதும் என்றுதான் வைத்தார்கள். பேச, படம் பார்க்க என்றால் பழைய போன் தாராளமாக உழைக்கும். பேங்க் ஆப்பும் யுபிஐயும் அதில் இருக்கும்போதுதான் பேட்ச் நின்ற போன் எனக்குக் கவலை தருகிறது. அம்மாவின் பென்ஷனோ கேஸ் மானியமோ வருகிற கணக்கு அந்த போனில் இருந்தால், பேட்ச் வருகிற போனில் மட்டும் வையுங்கள்.

அடுத்து, ரெண்டு வருஷத்தில் ஹேங் ஆகும் என்கிற பேச்சு. இது பாதி உண்மை. "அண்ணே, போன் ஹேங் ஆகுது, சாஃப்ட்வேர் போட்டுக் குடுங்க" என்று தினமும் நாலு பேராவது வருவார்கள். போன மாதம் வந்த ஒரு அக்காவின் போனைச் சொல்கிறேன். 64 ஜிபி போன், திறந்து பார்த்தால் மீதி இடம் 300 எம்பிகூட இல்லை. காலை வணக்கம், அம்மன் படம், பேரன் டான்ஸ் ஆடுகிற வீடியோ, அதே வீடியோ நாலு குரூப்பிலிருந்து நாலு தடவை. வாட்ஸ்அப் மீடியா மட்டும் 31 ஜிபி. நான் சாஃப்ட்வேர் எதுவும் போடவில்லை. வாட்ஸ்அப்பின் ஸ்டோரேஜ் பகுதிக்குள் போய், எந்த குரூப் எவ்வளவு என்று அவருக்கே காட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அழித்தோம், முக்கால் மணி நேரம் ஆனது. தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்தினேன். போன் பழையபடி ஓடியது. ஸ்டோரேஜ் விளிம்பு வரை நிரம்பினால் புதிதாக எழுத இடம் தேடுவதிலேயே போன் திணறும், ஆண்ட்ராய்டு போன் மெதுவாவதற்கு என் மேஜையில் நான் பார்க்கிற முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் போனுக்குள்ளேயே இருக்கிறது, அதை வாங்கும்போதே தீர்மானித்துவிடுகிறீர்கள். மலிவு போன்களில் இஎம்எம்சி என்கிற பழைய வகை மெமரி சிப் இருக்கும். யுஎஃப்எஸ் என்பது புது வகை, ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் செய்யும், இஎம்எம்சியால் அது முடியாது. புதிதாக இருக்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வருடம் ஆக ஆக, ஆப்கள் கனமாக ஆக ஆக, இஎம்எம்சி போன்தான் முதலில் மூச்சு வாங்கும். பெட்டியில் "4 ஜிபி ரேம், கூடுதலாக 4 ஜிபி" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அந்தக் கூடுதல் நாலு நிஜ ரேம் கிடையாது, ஸ்டோரேஜிலிருந்து ஓர் இடத்தை ஒதுக்கி ரேம் போல உபயோகிப்பது. மெதுவான மெமரியில் அதைச் செய்தால் சில சமயம் முன்பைவிட மோசமாகவே ஓடும். அதை நம்பி வாங்காதீர்கள், நிஜமான 6 ஜிபி ரேம், 128 ஜிபி யுஎஃப்எஸ் என்று கேளுங்கள். 2011-ல் நான் கடை ஆரம்பித்தபோது நன்றாக விற்ற சாம்சங் கேலக்ஸி ஒய்யில் மொத்த ஸ்டோரேஜே 180 எம்பி. நாலு ஆப் போட்டதும் இடமில்லை என்று வரும். அங்கிருந்து எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம், ஆனாலும் மலிவு போனில் கை வைக்கிற இடம் அன்றும் இன்றும் மெமரிதான்.

கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே அப்டேட் மூலம் மெதுவாக்கிப் புது போன் வாங்க வைக்கிறார்களா என்று பலர் கேட்கிறார்கள். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் இது சம்பந்தமாக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு ஐம்பது லட்சம் யூரோவும் அபராதம் போட்டது, பழைய போன்களில் அவை தாங்காத அப்டேட்டைப் போடச் சொல்லித் தள்ளினார்கள் என்பது குற்றச்சாட்டு. இது நடந்தது, பதிவில் இருக்கிறது. கவனியுங்கள், அதில் பெரிய அபராதம் ஐபோன்காரருக்குத்தான். ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போன் மெதுவானதற்கு இப்படி ஒரு திட்டம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் திறந்து பார்த்த போன்களில் நிரம்பிய ஸ்டோரேஜும் ஊதிய பேட்டரியும் பார்த்திருக்கிறேன், சதியைப் பார்த்ததில்லை. பழைய வன்பொருளில் புது வெர்ஷன் கனமாக ஓடும் என்பது மட்டும் நிச்சயம்.

இதேபோல இன்னொன்று, பச்சைக் கோடு. "நேத்து ராத்திரி அப்டேட் போட்டேன், காலையில டிஸ்ப்ளேல நெடுக்க ஒரு கோடு" என்று இரண்டு மூன்று வருடமாக நிறையப் பேர் வந்துவிட்டார்கள். கோடு இருப்பது அமோலெட் என்கிற வகை டிஸ்ப்ளேயின் பேனலிலோ அதன் இணைப்பிலோதான், சாஃப்ட்வேரை மறுபடி போட்டாலும் போகாது, டிஸ்ப்ளே மாற்றினால்தான் போகும், இதுவரை உறுதி. அப்டேட் போடும்போது போன் சூடாவதால் ஏற்கனவே பலவீனமாக இருந்த இணைப்பு விட்டுப்போகிறது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களின் ஊகம், நானும் அதைத்தான் நினைக்கிறேன், ஆனால் அது ஊகம்தான். சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு இலவசமாக டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்தன. உங்கள் பட்ஜெட்டில் பெரும்பாலும் எல்சிடி டிஸ்ப்ளேதான் வரும், இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

விளம்பரம் அப்படி இல்லை, அது அம்மாவைப் படுத்தும். மலிவு போனில் கம்பெனிக்கு லாபம் குறைவு, அதை விளம்பரத்திலும் முன்கூட்டியே ஏற்றி அனுப்புகிற ஆப்களிலும் ஈடு கட்டுகிறார்கள். லாக் ஸ்கிரீனில் படம் மாறிக்கொண்டே இருக்கும், தொட்டால் எங்கோ போகும். நோட்டிஃபிகேஷனில் கேம், கடன், தள்ளுபடி என்று வந்துகொண்டே இருக்கும். நமக்கு அது தொல்லை, ஒதுக்கிவிட்டுப் போய்விடுவோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவருக்கு எது போன் சொல்வது, எது விளம்பரம் என்று பிரித்துப் பார்க்க வராது. "போன்ல வைரஸ் இருக்குன்னு வருதுப்பா, அமுக்கினேன்" என்று வந்து நிற்பார்கள், அமுக்கிய இடத்தில் கிளீனர் என்று ஒரு குப்பை ஆப் ஏறியிருக்கும், அது இன்னும் பத்து விளம்பரம் காட்டும். கூகுள் ஆப்கள் கொத்தாக ஏறி வருவதும் இந்த வகையில் சேரும். அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போன் வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேவையில்லாத ஆப்களை நீக்குங்கள், நீக்க முடியாததை டிசேபிள் செய்யுங்கள், லாக் ஸ்கிரீன் படங்களை அணையுங்கள், பிரவுசர் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக நிறுத்துங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் முக்கால்வாசி விளம்பரம் இதிலேயே நின்றுவிடும்.

ஒட்டுக் கேட்பது பற்றி. தகவல் போகிறது, அதில் சந்தேகமே இல்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2021-ல் அளந்து பார்த்தார். சும்மா மேஜையில் கிடக்கிற போன்கூட சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்புகிறது. ஆண்ட்ராய்டும் அனுப்புகிறது, ஐபோனும் அனுப்புகிறது, ஆனால் கூகுள் எடுக்கும் அளவு ஆப்பிளைவிட ஏறக்குறைய இருபது மடங்கு என்று கண்டார். அவர் அளந்த முறை சரியில்லை என்று கூகுள் மறுத்தது. உங்கள் அண்ணன் சொல்வதில் இந்தப் பகுதி நியாயம். ஆனால் மைக்கைத் திறந்து வைத்து நாம் பேசுவதைக் கேட்டு விளம்பரம் போடுகிறார்கள் என்பதை யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. நீங்கள் தேடியது, போன இடம், வீட்டில் அதே வைஃபையில் இருக்கிறவர் தேடியது, இவையே அந்த விளம்பரத்தைக் கொண்டு வரப் போதும். ஆண்ட்ராய்டு 12-லிருந்து மைக்கையோ கேமராவையோ எந்த ஆப் தொட்டாலும் மேல் மூலையில் பச்சைப் புள்ளி எரியும். அதே வெர்ஷனிலிருந்து விளம்பர அடையாள எண்ணையும் அழித்துவிடலாம், அழித்துவிடுங்கள்.

கூகுளுக்குப் போகிற தகவலைவிட எனக்குப் பயம், ஆப்களுக்கு நாமே கையால் கொடுக்கிற அனுமதி. 2015-ல் ஆண்ட்ராய்டு 6 வரும்வரை ஆப்பைப் போடும்போதே கேட்டதை எல்லாம் கொடுத்தாக வேண்டும். இப்போது ஒவ்வொன்றாகக் கேட்கிறது, ஆனால் "அலவ்" என்பதைத் தவிர வேறு பட்டனை அமுக்கலாம் என்று பலருக்குத் தெரியாது. கடன் ஆப்கள் இதை வைத்துச் செய்த கொடுமையை நேரில் பார்த்திருக்கிறேன். ஐயாயிரம் வாங்கியவரின் கான்டாக்ட் முழுக்க எடுத்து, சம்பந்தி வீடு வரை அவர் படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்பினார்கள். அந்தப் பையன் கடையில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் அழிச்சிடுங்கண்ணே" என்று அழுதான், போனை அழித்து என்ன செய்ய, போனதெல்லாம் போய்விட்டது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் கான்டாக்ட், படங்களைத் தொடக் கூடாது என்று விதி போட்டது, 2023 மே 31 முதல் பிளே ஸ்டோரிலும் அதைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு என்னிடம் வருவது குறைந்திருக்கிறது, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து போடுகிற ஆப்களுக்கு இந்த விதி எட்டாது.

அந்த வெளியிலிருந்து போடுகிற விஷயம்தான் பணம் போகிற வழி. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் இல்லாமலும் ஏபிகே கோப்பாக ஒரு ஆப்பை ஏற்றலாம். எனக்கு அந்தச் சுதந்திரம் பிடிக்கும், என் வேலைக்குத் தினமும் வேண்டும். ஆனால் கல்யாணப் பத்திரிகை என்றோ, வண்டிக்கு அபராதம் என்றோ, அரசு உதவித்தொகை என்றோ பெயர் வைத்து வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகேவும் இதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், அவர் போன் ஏற்கனவே மாட்டியிருக்கும். தொட்டதும் எஸ்எம்எஸ் படிக்கவும் அக்ஸசிபிலிட்டிக்கும் அனுமதி கேட்கும். அக்ஸசிபிலிட்டி என்பது பார்வை இல்லாதவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்ல வைத்த வசதி, அதைக் கொடுத்துவிட்டால் திரையில் உள்ளதை எல்லாம் அது படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தொடவும் செய்யும். ஓடிபி வந்ததே உங்களுக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு 13-லிருந்து இப்படி வெளியிலிருந்து வந்த ஆப்புக்கு அக்ஸசிபிலிட்டியை நேரடியாகக் கொடுக்க முடியாதபடி ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். அடையாளம் உறுதி செய்த டெவலப்பரின் ஆப் மட்டும்தான் ஏறும் என்கிற முறையை 2026 செப்டம்பரில் நான்கு நாடுகளில் தொடங்கி, 2027-லிருந்து மற்ற நாடுகளுக்கும் கொண்டு வருவதாகக் கூகுள் அறிவித்தது. அம்மா போனில் வாட்ஸ்அப், பிரவுசர், ஃபைல்ஸ் மூன்றுக்கும் "அன்நோன் ஆப்ஸ்" அனுமதியை அணைத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. ஒருவேளை பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த எண்ணை அவர் கான்டாக்டில் சேர்த்து வையுங்கள்.

இப்போது சொல்வதுதான் நான் அதிகமாகக் கண்ணீர் பார்த்த விஷயம். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரிலிருந்து ஆப் போடக் கூகுள் கணக்கு வேண்டும். கடையில் போன் வாங்கும்போது அம்மாவைப் போன்றவர்களிடம் ஜிமெயில் இருக்காது, விற்கிற பையன் அவசரத்தில் ஏதோ ஒரு ஐடி, ஏதோ ஒரு பாஸ்வேர்டு போட்டு உருவாக்கிக் கொடுத்துவிடுவான். எதையும் எழுதித் தர மாட்டான், அவனுக்கே அடுத்த நாள் ஞாபகம் இருக்காது. இரண்டு வருடம் எல்லாம் சரியாகவே ஓடும். அப்புறம் ஒரு நாள் பேட்டர்ன் மறந்துபோகும், யாரோ ரீசெட் அடிப்பார்கள், போன் முன்பு இருந்த ஜிமெயிலைக் கேட்டு நிற்கும். திருட்டுப் போனை விற்க முடியாமல் செய்ய 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1-இல் கொண்டு வந்த பூட்டு இது. நல்ல ஏற்பாடு, ஆனால் என்னிடம் இந்தப் பூட்டோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த போனின் சொந்தக்காரர்கள்தான்.

அதைவிடக் கொடுமை படங்கள். ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, கணவர் இறந்து எட்டு மாதம், அவருடைய கடைசி ஒரு வருடப் படமும் குரலும் அந்த போனில்தான் இருந்தது. போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து போர்டு போய்விட்டது. "தம்பி, போன் வேண்டாம், படத்தை மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார். பத்து வருடத்துக்கு முன்பென்றால் மெமரி ஐசியைக் கழற்றி எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த போன்களிலிருந்து என்க்ரிப்ஷன், அதாவது உள்ளே இருப்பதைச் சங்கேதமாக மாற்றிப் பூட்டி வைப்பது, கட்டாயம், அந்தப் போர்டிலேயே உயிர் வந்தால்தான் உள்ளே இருப்பதைப் படிக்க முடியும், ஐசியைத் தனியாகக் கழற்றினால் வெறும் குப்பைதான் வரும். மூன்று நாள் அந்தப் போர்டோடு போராடினேன், சிபியு போயிருந்தது. கூகுள் போட்டோஸில் இருக்குமே என்று பார்த்தால் கணக்கின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. அந்த ஐடி அவருக்கு போன் விற்ற கடையில் போட்டது, மீட்பு எண்ணாக விற்ற பையனின் நம்பரே இருந்திருக்கிறது, அந்த எண்ணும் இப்போது உபயோகத்தில் இல்லை. பூட்டு திருடனுக்காகப் போட்டது, என்க்ரிப்ஷனும் திருடனுக்காகப் போட்டது, இரண்டும் சரியாக வேலை செய்தன. அந்த அம்மா வெறும் கையோடு போனார்.

கணக்கு கையில் இருந்தாலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஜூன் 1-லிருந்து கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவசம் கிடையாது, 2024-லிருந்து வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே 15 ஜிபி கணக்கில்தான் சேர்கிறது. நிரம்பியதும் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிடும், எச்சரிக்கை வந்தாலும் ஆங்கிலத்தில் வருகிற எத்தனையோ நோட்டிஃபிகேஷனில் அதுவும் ஒன்றாகப் போய்விடும். நீங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைத் திறந்து பார்க்க வேண்டியது உங்கள் வேலை.

இன்னும் ஒன்று சுருக்கமாக. பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு 6-லிருந்தே பின்னணியில் ஓடுகிற ஆப்களைத் தூங்க வைக்கிறார்கள், சில கம்பெனிகள் அதற்கு மேலும் போய் ஒரேயடியாக நிறுத்திவிடுகின்றன. மாத்திரை நேரம் சொல்கிற ஆப் ஒலிக்காது, வாட்ஸ்அப் கால் வந்தது மணி அடிக்காமல் மிஸ்டு காலாகத் தெரியும். "அம்மா போனே எடுக்கறதில்லை" என்று வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் கோபப்படுவார்கள், அவர் போன் அடிக்கவே அடித்திருக்காது. பேட்டரி செட்டிங்கில் அந்த ஆப்களுக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றி, ஆட்டோஸ்டார்ட் இருந்தால் அனுமதித்துவிட்டு, ஒரு நாள் கழித்து நீங்களே கூப்பிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

சரி, ஐபோனா? அப்டேட் விஷயத்திலும் வெளி ஆப் விஷயத்திலும் அது கெட்டி, மறுக்க முடியாது. ஆனால் டிஸ்ப்ளே உடைந்தால் ஆகிற செலவில் இங்கே அரை போன் வாங்கிவிடலாம், இஎம்ஐ முடியுமுன் கை தவறினால் இரண்டு செலவு. உங்கள் அம்மா உபயோகத்துக்குக் கடன் வாங்க நான் சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்குள் வெளிவந்த மாடல், நான்கு வருட செக்யூரிட்டி பேட்ச், நிஜமான 6 ஜிபி, 128 ஜிபி யுஎஃப்எஸ், உங்கள் போனின் அதே கம்பெனி, பக்கத்து டவுனில் அதன் சர்வீஸ் சென்டர். பதினைந்தாயிரத்துக்குள் எல்லாம் ஒன்றாக அமையாவிட்டால் கேமராவை விட்டுக்கொடுங்கள், பேட்ச் வருடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். ஜிமெயிலை நீங்களே உட்கார்ந்து உருவாக்குங்கள், மீட்பு எண்ணாக உங்கள் எண், பாஸ்வேர்டு உங்களிடம் ஒரு பிரதி, அம்மாவின் ரேஷன் கார்டு இருக்கிற அதே பையில் ஒரு பிரதி. புது போனுக்கு வாட்ஸ்அப்பை மாற்றிய பிறகு பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடாமல், ரீசெட்டும் அடிக்காமல் ஒரு மாதம் பீரோவில் வையுங்கள். "அந்தப் படம் இதுல இல்லையேப்பா" என்று அம்மா கேட்பது பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான்.